எடையில் பேரம் கிடையாது

அத்தியாயம் 11

நைலாவின் விலை, நாளொன்றுக்கு இருபது டாலரும் கொஞ்சம் சில்லறையும்.

ஆறு வயதுப் பெண் குழந்தையை வைத்துப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் போட்டிருக்கும் ரேட் அது. இதே டெட்ராய்டில் நாயைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வெளியூர் போனால் முப்பத்தைந்து கேட்கிறான். நாய்க்குப் பல் விழுவதில்லை, ராத்திரி கெட்ட கனவு வருவதில்லை. ஆனாலும் நாய்க்குத்தான் கிராக்கி.

அந்த இருபது டாலர் போய்ச் சேர்வது டெனிகாவின் அக்கா யொலாண்டாவுக்கு. நைலா இருப்பது அவள் வீட்டில். பெற்றவள் டெனிகா, வியாழக்கிழமைதோறும் மாலை நாலு மணிக்கு, குழந்தைகள் நல அலுவலகத்தின் மூன்றாவது மாடி அறையில், ஒரு பெண் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒரு மணி நேரம் மகளைப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

பதினான்கு மாதம் முன்பு நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். டெனிகா நைட் ஷிப்ட் போயிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டாள். ஹீட்டர் ஓடாத வீட்டில் கோட்டைப் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருந்தாள் ஐந்து வயது நைலா. பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் செய்தார்.

இப்போது ஹீட்டர் ஓடுகிறது. டெனிகா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பகல் வேலைக்கு மாறிவிட்டாள். பெற்றோர் வகுப்பு பன்னிரண்டும் முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டாள். நாட்காட்டிதான் அவளோடு ஒத்துழைக்க மறுத்தது.

குழந்தை வெளியே போய்ப் பதினைந்து மாதம் ஆகிவிட்டால், தாய் என்ற உரிமையையே ரத்துசெய்யச் சொல்லி அரசு மனுப் போடலாம் என்பது சட்டம். இன்று ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை. பதினான்கு மாதம், ஆறு நாள். விசாரணை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஆக, இன்று ஏதாவது நகர வேண்டும். நகராவிட்டால் அடுத்த விசாரணையில் டெனிகா தாயாக வருவாளா, வேடிக்கை பார்க்க வருவாளா என்பது சந்தேகம்.

காலை ஒன்பது மணிக்குக் கோர்ட்டு வராந்தா பெஞ்சில் பூட்ஸ் பனியை உதறிவிட்டு உட்கார்ந்தாள். எதிரே சக்கரம் வைத்த பையை உருட்டிக்கொண்டு ஓடி வந்தாள் அவளுடைய வக்கீல்.

வக்கீல் என்பது மரியாதைக்கு. ரீம் யால்டூ இன்னும் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். டெனிகாவின் வழக்கை நடத்துவது கல்லூரியின் இலவச உதவி மையம். பேராசிரியை பக்கத்தில் இருக்க, மாணவர்கள் வாதாடுவார்கள். காசு கிடையாது. ஆனால் இலவசமாக வரும் பண்டத்துக்குக் காலாவதித் தேதி சீக்கிரம் வரும். இதற்கு ஒரு செமஸ்டர். முதலில் வந்த பெண் மே மாதம் பட்டம் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்து வந்த பையன் பிராட்லி கிறிஸ்துமஸோடு சரி. இவள் மூன்றாவது. வந்து இரண்டு வாரம்.

"மிஸ் டெனிகா, பேரீச்சம்பழ பிஸ்கட். எங்கம்மா சுட்டது. எடுத்துக்கோங்க."

"எவ்வளவு?"

"ஐயோ, சும்மாதான்."

"உங்கப்பன் கடையில எதுவும் சும்மா கிடைச்சு நான் பாத்ததில்லயே."

ரீமின் காது சிவந்தது. செவன் மைல் ரோட்டில் யால்டூ மார்க்கெட் என்று போர்டு போட்ட மளிகைக் கடை அவள் அப்பாவுடையது. ஈராக்கில் இருந்து வந்தவர்கள் அந்தப் பக்கம் கடை போட்டு நாற்பது வருஷம் ஆகிறது. டெனிகா வளர்ந்தது நாலு தெரு தள்ளி.

"எங்கம்மா ஒரு பவுண்டு ஹாம் கறி கேட்டா, கட்டை விரலையும் சேத்து நிறுத்துக் குடுப்பாரு. எத்தனை தடவை! அந்த விரலை நாங்க வாங்கியே தீத்திருப்போம்."

"மீசை வெச்சிருந்தாரா?"

"ஆமா."

"அப்போ அது எங்க சித்தப்பா. அதனாலதான் அப்பா அவரைத் தராசுப் பக்கம் விடாம கல்லாவுக்கு மாத்திட்டாரு."

"கல்லாவுக்கா! நல்ல எடமாப் பாத்துத்தான் மாத்தியிருக்காரு!"

டெனிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை விழுங்கிக்கொண்டு ஒரு பிஸ்கட் எடுத்தாள். நன்றாக இருந்தது, சொல்லவில்லை.

ரீம் பையில் இருந்து இரண்டு காகிதக் கட்டுகளை எடுத்தாள். முதலாவது அலுவலக அறிக்கை. அதில் ஒரு வரி எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது: 'தாய் பதினேழு சந்திப்புகளுக்கு வரவில்லை.'

வராமல் என்ன! சந்திப்பு நாளன்று காலை ஒன்பது மணிக்குள் போன் செய்து 'வருகிறேன்' என்று உறுதி சொல்ல வேண்டும் என்பது அலுவலக விதி. சொல்லாவிட்டால் குழந்தையை அழைத்து வர மாட்டார்கள். கணக்கில் 'தாய் வரவில்லை' என்று விழும். ஆறு மணிக்கு வேலைக்குப் போகிற டெனிகாவின் போன் லாக்கரில் பூட்டிக் கிடக்கும். ஒன்பதேகாலுக்குத்தான் டீ இடைவேளை. பதினைந்து நிமிஷத்தில் ஒரு மகள் கைநழுவிப் போவாள். பல வாரம் அப்படித்தான் போனது.

இருந்தும் சாயங்காலம் இரண்டு பஸ் மாறிப் போவாள். ஒருவேளை கூட்டி வந்திருந்தால்? மேலே போய், இல்லை என்று கேட்டுவிட்டு இறங்கி வருவாள்.

"பிராட்லிகிட்ட இதச் சொன்னேன். 'கண்டிப்பா மிஸ் டெனிகா, கண்டிப்பா'ன்னான். கண்டிப்பா ஒரு ஈமெயில் போட்டான்."

"நான் கீழ்வாசலுக்குப் போனேன்," என்றாள் ரீம். இரண்டாவது கட்டைப் பிரித்தாள். "கடையில இருப்புக் கணக்கு உதைச்சா, முதல்ல வாசலைப் பாருன்னுவாங்க. உள்ள வந்தது, வெளிய போனது. அந்தக் கட்டடத்து வாட்ச்மேன்கிட்ட ஒரு நோட்டு இருக்கு. மேல போறவங்க பேரு, நேரம், கையெழுத்து. மூணு நாளா உக்காந்து பிரதி எடுத்தேன். பாருங்க."

டெனிகா பார்த்தாள். அவளுடைய கோணல் கையெழுத்து. மூன்று ஐம்பத்தைந்துக்கு உள்ளே, நாலு மணி நாலுக்கு வெளியே. இன்னொரு வியாழன். இன்னொன்று. ஒன்பது நிமிஷம், ஏழு நிமிஷம், பத்து நிமிஷம். தான் போய் வந்ததற்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சி இருக்கிறது என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"பதினேழுல பதினாலு நாள் நீங்க வந்திருக்கீங்க," என்றாள் ரீம். "அக்டோபர்ல வரிசையா மூணு வியாழன் மட்டும் கையெழுத்து இல்ல."

டெனிகா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அன்னைக்கு அந்த ஆளு நோட்டை நீட்டியிருக்க மாட்டான். பதினேழுன்னே சொல்லு."

"பதினாலு."

"சரி, பதினாறு. ஒண்ணு விட்டுத் தரேன்."

"பதினாலு, மிஸ் டெனிகா."

"பதினஞ்சு! அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

"விலையா இருந்தா நானும் பேசுவேன். அரை டாலருக்கு அரை நாள் பேசுவேன், அந்த ரத்தம்தான். ஆனா இது எடை. எங்க கடையில விலையைப் பேசலாம், எடையைப் பேச முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "சித்தப்பாவைத் தவிர," என்று சேர்த்துக்கொண்டாள். "அந்த மூணுல ஒரு நாள் குழந்தையைக் கூட்டிட்டு வந்து அரை மணி நேரம் காத்திருந்ததா அறிக்கையில இருக்கு. பதினேழுன்னு சொன்னா அந்த ஒண்ணுல மாட்டுவோம். மாட்டினா மீதிப் பதினாலும் பொய்யாயிடும். எங்க போனீங்க அன்னைக்கு?"

டெனிகா டப்பாவில் இருந்து இன்னொரு பிஸ்கட் எடுத்தாள்.

ரீம் ஒற்றைத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். "அப்புறம் இது. நான் உங்க சார்பாப் பேச நீங்க சம்மதிக்கிறதா ஒரு கையெழுத்து. பழசு பிராட்லி பேர்ல இருக்கு."

"நான் சொல்றதச் சொல்ல மாட்டே. ஆனா என் கையெழுத்து மட்டும் வேணும்."

அந்த நேரம் பார்த்து வராந்தா முனையில் யொலாண்டா வந்தாள். சர்ச்சுக்குப் போகும் அதே ஊதாக் கோட்டு. டெனிகா தாளை மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டு எழுந்தாள். ரீம் அதைக் கவனிக்கவில்லை. அக்காவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு வாசலில் இருவருக்கும் நடந்த சண்டை அவள் காதுக்கும் வந்திருந்தது.

"வாம்மா, இருபது டாலர்," என்றாள் டெனிகா.

"ஆரம்பிச்சிட்டியா? காலங்காத்தால!"

"தத்து எடுத்துக்கறேன்னு ஆபீஸ்காரிகிட்டச் சொன்னியா இல்லயா?"

"சொன்னேன்."

"பாத்தியா, வாயால ஒத்துக்கறா!"

"ஏண்டி, முழுசாக் கேளேன். அந்தப் பொண்ணு வந்து, 'நீங்க தத்து எடுப்பீங்களா, இல்ல வேற வீடு பாக்கணுமா'ன்னு கேட்டா. நான் மாட்டேன்னா நைலாவை முன்னப்பின்ன தெரியாத வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வேற என்ன சொல்லச் சொல்றே? அந்த இருபது டாலரை நான் தொட்டதே இல்ல, தெரியுமா? அவ பேர்ல போட்டு வெச்சிருக்கேன்."

"அப்போ அதையும் சேத்து எடுத்துக்கோ, புள்ளையோட."

"உனக்கு வாய் மட்டும் இல்லன்னா நாய் கூட மதிக்காது, டெனிகா."

"மேடம்," என்று ரீம் குறுக்கே புகுந்தாள். யொலாண்டா திரும்பினாள். "நீங்க அவங்களுக்குச் சரின்னு சொன்ன அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான் பதினஞ்சு மாசம் ஆனதும் மனுப் போட இன்னைக்கே அனுமதி கேக்கறாங்க. சொந்தக்காரங்க வீட்டுல குழந்தை இருந்தா, அவசரமா உரிமையை ரத்து பண்ணியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. அத உங்ககிட்ட அவங்க சொன்னாங்களா?"

யொலாண்டாவின் முகம் மாறியது. "அப்படி ஒரு பேச்சே எடுக்கலையேம்மா."

அதற்குள் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீதிபதி அம்மாள் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிக் கோப்பைப் புரட்டினார். ரீம் எழுந்து தொண்டையைச் செருமினாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் நீதிபதி. "சம்மதக் கடிதம் ஒரு பிராட்லி பேர்ல இருக்கு. நீங்க பிராட்லியா?"

"இல்ல, யுவர் ஹானர். புதுசு இதோ..." ரீம் கோப்பைத் திறந்தாள். பையைத் திறந்தாள். பிஸ்கட் டப்பாவைக்கூடத் திறந்தாள்.

பேராசிரியை விட்டேக்கர் பக்கத்து நாற்காலியில் இருந்து எழுந்தார். முப்பது வருஷ அனுபவம். இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் பார்த்தவர். "மாணவியோட தவறு, யுவர் ஹானர். நானே பேசுறேன்."

டெனிகா பேராசிரியையைப் பார்த்தாள். கெட்டிக்காரி. குரலில் கம்பீரம் இருந்தது. ஆனால் அவர் கையில் இதைப் போல நாற்பது வழக்கு. ஒன்பது நிமிஷம், ஏழு நிமிஷம், பத்து நிமிஷம் என்று அந்த நோட்டை வரி வரியாகப் பிரதி எடுத்தவள் இந்தப் பெண். இரண்டு வாரத்தில் வாசலுக்குப் போய் நின்றவள்.

இன்னொன்றும் தோன்றியது. பதினான்கு மாதத்தில் இந்தக் கட்டடத்தில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் 'கண்டிப்பா மிஸ் டெனிகா'. முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டும் கடைக்காரனிடம் சரக்கு இருக்காது என்பது செவன் மைல் ரோட்டில் குழந்தைக்கும் தெரியும்.

கோட்டுப் பையில் இருந்து தாளை எடுத்தாள். மேஜை மேல் வைத்து நீவினாள்.

"பேனா குடு," என்றாள்.

ரீம் கொடுத்தாள்.

கையெழுத்தானதும் அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, தாய்க்கு அக்கறை இல்லை, பதினேழு முறை வரவில்லை, பெரியம்மா தத்தெடுக்கத் தயார், மனுப் போட அனுமதி வேண்டும் என்று நாலு வாக்கியத்தில் முடித்தார்.

ரீம் நோட்டுப் பிரதிகளை நீட்டினாள். ஆரம்பத்தில் குரல் கிறீச்சிட்டது. தேதிகள் வந்ததும் நிமிர்ந்துவிட்டாள். ஒவ்வொரு வியாழனாகப் படித்தாள். பதினான்கு முறை உள்ளே, பதினான்கு முறை வெளியே.

நீதிபதி அலுவலகப் பெண்ணைப் பார்த்தார். "இவங்க மேல வந்தாங்களா?"

"வந்திருக்கலாம், யுவர் ஹானர். உறுதி பண்ணாத சந்திப்பு வராததாத்தான் பதிவாகும். அது விதி."

"வந்தவங்களை வரலன்னு எழுதறது விதியா? ஆறு மணிக்கு வேலைக்குப் போறவங்க ஒன்பது மணிக்குள்ள எப்படிப் போன் பண்ணுவாங்க? ராத்திரியே சொன்னா ஏத்துக்குவீங்களா?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, யுவர் ஹானர்."

"நான் கேக்கறேன். இந்த வாரத்துலேருந்து."

அரசு வக்கீல் விடவில்லை. "பதினாலையே வெச்சுக்குவோம். மீதி மூணு? அதுல ஒரு நாள் தாய் வரேன்னு போன் பண்ணியிருக்காங்க. குழந்தை அரை மணி நேரம் காத்திருந்துட்டுத் திரும்பிப் போயிருக்கு."

நீதிபதி ரீமைப் பார்த்தார். "அந்த மூணு?"

டெனிகா மேஜைக்கு அடியில் தன் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது, யுவர் ஹானர்," என்றாள் ரீம்.

"இந்த அறையில தெரியாதுன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டு ரொம்ப நாளாச்சு," என்றார் நீதிபதி. பேனாவால் ஏதோ குறித்துக்கொண்டார்.

ரீம் யொலாண்டாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நைலா அவங்க அம்மாகிட்டத் திரும்பிப் போக முடியும்னா, நீங்க தத்து எடுக்க விரும்புவீங்களா?"

யொலாண்டா ஊதாக் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அவளுக்கு அம்மா இருக்காங்க," என்றாள் கடைசியில். "வாய் கொஞ்சம் நீளம். ஆனா இருக்காங்க. அவகிட்டத் திரும்பிப் போற வரைக்கும் நைலா என் வீட்டுல இருக்கட்டும். தத்து, கித்து எதுவும் வேண்டாம்."

டெனிகா அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று சுவரில் இருந்த கோர்ட்டுச் சின்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உத்தரவு ஐந்து நிமிஷத்தில் வந்தது. மனுவுக்கு இன்று அனுமதி இல்லை. வரும் சனிக்கிழமை முதல், சனிக்கிழமைதோறும் காலை பத்தில் இருந்து மாலை ஆறு வரை, நைலா தாயின் வீட்டில் இருக்கலாம். குறிப்பெடுக்க யாரும் உட்கார வேண்டியதில்லை. பதினைந்து மாதம் முடிவதற்குள், மூன்று வாரத்தில், மறுபடி விசாரணை.

"அன்னைக்கு அந்த மூணு வியாழக்கிழமைக்கும் பதில் வேணும், மிஸ் டெனிகா பெட்டிஸ்," என்றார் நீதிபதி. "மாணவிகிட்ட இருந்து இல்ல. உங்ககிட்ட இருந்து."

வராந்தாவில் ரீம் பேராசிரியையிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். கோப்பைச் சரிபார்க்காமல் எழுந்ததற்கு நியாயமான திட்டு. டெனிகா காப்பி மெஷின் பக்கத்தில் நின்றாள்.

அந்த மூன்று வியாழனும் அவளுக்குத் தெரியும். மறக்க எங்கே முடிந்தது? செப்டம்பர் கடைசிச் சந்திப்பு. நைலா தலை முழுக்க மணி கோத்துப் பின்னிய ஜடைகளோடு வந்தாள். "யாரு பின்னி விட்டா?" என்று கேட்டாள் டெனிகா. "அம்மா," என்றது குழந்தை. சொன்ன மறுகணம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பெரியம்மா," என்றது.

சொன்னதுகூட வலிக்கவில்லை. பொத்திக்கொண்டதுதான்.

அடுத்த மூன்று வியாழனும் அலுவலகத்துக்கு எதிரே டோநட் கடையில் உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு வாரம் போனே செய்யவில்லை. மூன்றாவது வாரம் லீவு போட்டு, எட்டரைக்கே போன் செய்தாள். நாலு மணிக்கு வேன் வந்தது. நைலா இறங்கி உள்ளே போனாள். காப்பி ஆறியது. கால் எழவில்லை. நாலரைக்கு நைலா வெளியே வந்து வேனில் ஏறினாள். நாலாவது வாரம்தான் டெனிகாவின் கால் எழுந்தது.

யொலாண்டா பக்கத்தில் வந்து நின்றாள். மெஷினில் காசைப் போட்டு ஒரு காப்பி எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள்.

"எங்கடி போனே, அந்த மூணு வாரமும்?"

"அப்புறம் சொல்றேன்."

"அக்டோபர்ல ஒரு நாள் காத்திருந்து திரும்பி வந்தாளே, அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடல. 'அம்மா வரல, நான் தப்பா ஒண்ணு சொல்லிட்டேன், அதனாலதான் வரல'ன்னா. என்னடி சொன்னேன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். இன்னைக்கு வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேங்கறா. ஜடையும் வேண்டாம்னுட்டா. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட என்னைப் பின்ன விடல."

டெனிகா காப்பியை மெஷின் மேல் வைத்தாள்.

மூன்று மாதமாக மணி இல்லாத தலையோடு அந்தக் குழந்தை வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறாள். அக்காவுக்குச் சோம்பல் என்று நினைத்திருந்தாள். சர்ச்சு வாசலில் அதையும் சொல்லித் திட்டியிருந்தாள்.

ரீம் சக்கரப் பையை உருட்டிக்கொண்டு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "மிஸ் டெனிகா, அந்த மூணைப் பத்தி நாம உக்காந்து பேசணும். நீங்க உண்மையச் சொன்னா, அதை எப்படிச் சொல்லணும்னு நான் பாத்துக்கறேன்."

"பேசலாம். சனிக்கிழமை கழிச்சு," என்றாள் டெனிகா. "முதல்ல வேற ஒருத்திகிட்டச் சொல்லணும்."

பஸ்ஸில், ரீம் கொடுத்த நோட்டுப் பிரதி ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி, ரீமின் பேனாவாலேயே கணக்கை எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோயிருந்தது.

அலுவலகம் சொன்னது பதினேழு. வாசல் நோட்டு தீர்த்தது பதினான்கு. பாக்கி மூன்று.

மூன்றும் நீதிபதிக்கு. மூன்று வாரத்துக்குள்.

அதில் குழந்தை காத்திருந்த அந்த ஒன்று, முதலில் நைலாவுக்கு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு.